யாரைக் காட்டிக்கொடுப்பது?

குற்றப் படம் என்றதும் துப்பாக்கியும் துரத்தலுமே நம் நினைவுக்கு வருகின்றன. குற்றத்தையும் வியாபாரத்தையும் பிரிக்கும் கோடு எங்கே என்று கேட்ட படங்கள் மிகச் சிலவே. 1948ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'போர்ஸ் ஒவ் ஈவில்' என்னும் அமெரிக்கப் படம் அவற்றுள் ஒன்று. அதனை ஆக்கியோரின் வரலாற்றையும் சேர்த்துப் பார்க்கும்போதே அதன் முழுப் பொருளும் நமக்கு விளங்குகின்றது.

அயரா வுல்பேர்ட்டின் நாவலொன்றைத் தழுவி இப்படத்தை நெறிப்படுத்தியவர் ஏபிரகாம் பொலொன்ஸ்கி. கதை நியூயோர்க் நகரத்து எண் சூதாட்டத்தைப் பற்றியது. ஏழை மக்கள் மூன்று இலக்க எண்ணொன்றின்மீது சில்லறைக் காசுகளைப் பந்தயம் கட்டுகின்றனர். அமெரிக்க சுதந்திர தினமான ஜூலை 4ஆம் நாளில், 1776ஆம் ஆண்டை நினைந்து, பலரும் 776 என்ற எண்ணையே நாடுவர். அன்று அந்த எண்ணே விழுமாறு செய்துவிட்டால், சிறு சூதாட்டக்காரர் பணங்கொடுக்க வழியின்றி நொடிந்துபோவர். பெருமுதலாளியான டக்கர் அவர்களை விழுங்கி ஏகபோகம் அமைத்துக்கொள்வான். இத்திட்டத்துக்குத் துணைநிற்பவன் வோல் ஸ்ட்ரீட்டிலே அலுவலகம் வைத்திருக்கும் சட்டத்தரணி ஜோ மோர்ஸ். நொடியப்போகும் சிறியோருள் ஒருவனோ, ஜோவைப் படிக்கவைத்த அவனது தமையன் லியோ!

பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும் இந்த நியதியை வங்கிகளிலும் கம்பனிகளிலும் நாம் காணவில்லையா? இறுதியில், ஜோர்ஜ் வாஷிங்டன் பாலத்தின் அடியிலே தமையனின் பிணத்தைக் கண்ட ஜோ, தான் அறிந்த உண்மைகளை வெளியிடத் துணிகிறான்.

இரண்டு ஆண்டுகளுக்குமேல் கழிந்தன. ஜோவாக நடித்த ஜோன் கார்பீல்ட், நியூயோர்க்கின் ஏழைத் தெருக்களில் வளர்ந்த யூதக் கலைஞர். 1951 ஏப்ரலில் அவரையும் பொலொன்ஸ்கியையும் அமெரிக்க விரோத நடவடிக்கைகளை விசாரிக்கும் நாடாளுமன்றக் குழு அழைத்தது. தோழர்களின் பெயர்களைச் சொல்லுமாறு கேட்டது. இருவரும் மறுத்தனர். ஹொலிவூட்டின் கதவுகள் அடைபட்டன. கார்பீல்ட் 1952 மே மாதத்தில், 39ஆவது வயதில், மாரடைப்பால் மாண்டார். பொலொன்ஸ்கி தம் பெயரை மறைத்து எழுதிப் பிழைத்தார். மீண்டும் அவர் நெறிப்படுத்திய படம் வெளிவர 1969 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

'பொடி அன்ட் சோல்' என்ற 1947ஆம் ஆண்டுப் படத்தில் இவ்விருவருடனும் பணியாற்றிய நெறியாளர் ரொபேர்ட் ரொசன், 1953இல் ஐம்பதுக்கு மேற்பட்டோரின் பெயர்களைக் கூறினார். பின்னர் அவருக்குத் தொழில் கிடைத்தது. அவரைத் தூற்றுதல் எளிது. ஆயின் ஒரு மனிதனின் பிழைப்பைப் பணயமாக வைத்து அவனது நட்பை விலைபேசிய அதிகாரமே முதற் குற்றவாளி என்போம்.

படத்தின் ஜோ பேசத் துணிந்தான். அவனாக நடித்தவர் பேச மறுத்தார். இதில் முரண்பாடில்லை. வலியவனின் கொள்ளையை வெளிப்படுத்துவது சாட்சியம். எளிய தோழனை வலியவனிடம் ஒப்படைப்பது துரோகம். 1994இல் அமெரிக்கா இப்படத்தைத் தன் தேசிய திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது. படத்துக்குப் பெருமை கிடைத்தது. கார்பீல்டின் இழந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்?