நரம்பு முனையில் ஒரு பொட்டலக் கணக்கு

அளவுமானியின் முள் சற்றே நடுங்கினால், அதைக் கருவியின் குறை என்று ஒதுக்கிவிடுவது நம் வழக்கம். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருவர் அவ்வாறு ஒதுக்கவில்லை. அதனால் நரம்பியலில் புதுவழி பிறந்தது.

நரம்பு தசையோடு ஒட்டியிருப்பதில்லை. இடையே மிகச் சிறிய இடைவெளி உண்டு. நரம்பு முனை அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளை வெளியிட்டே தசைக்குச் செய்தி அனுப்புகிறது. பெர்னார்டு காட்ஸ், பால் ஃபாட் ஆகிய இருவரும் தவளைத் தசையில் நுண்ணிய கண்ணாடி மின்முனையைச் செருகி, இச்சந்திப்பின் மின்னழுத்தத்தை அளந்தனர். நரம்பைத் தூண்டாதபோதும் சுமார் அரை மில்லிவோல்ட் அளவுள்ள சிறு துடிப்புகள் தோன்றின. இவை கருவியின் இரைச்சல்தாமோ? அப்படியானால் தசையில் எங்கு அளந்தாலும் தெரிய வேண்டுமே! நரம்பு வந்து சேரும் இடத்தில் மட்டுமே அவை தெரிந்தன. அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கும் குராரே நஞ்சை இட்டதும் ஒடுங்கின. இம்முடிவுகளை 1952-இல் விரிவாக வெளியிட்டனர்.

1954-இல் காட்ஸும் டெல் காஸ்டில்யோவும் இன்னொரு படி சென்றனர். தசையைச் சூழ்ந்த கரைசலில் கால்சியத்தைக் குறைத்து, மக்னீசியத்தைக் கூட்டி, நரம்பைப் பன்முறை தூண்டினர். சில முறை எந்த விளைவும் இல்லை. சில முறை ஒரு சிறு துடிப்பளவு. சில முறை இரண்டு அல்லது மூன்று மடங்கு. மளிகைக்கடையில் கட்டிவைத்த பொட்டலங்களை ஒன்று, இரண்டு என்று எடுத்துத் தருவதைப் போல நரம்பு முனையும் முழுப் பொட்டலங்களாகவே தருகிறது! அவற்றின் எண்ணிக்கை, கதிரியக்கச் சிதைவுக்கு நாம் பயன்படுத்தும் பாய்சான் விதிக்கு உட்பட்டிருந்தது. அதே காலத்தில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியும் நரம்பு முனைகளில் சின்னஞ்சிறு பைகளைக் காட்டியது. 1970-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் காட்ஸ் பங்கு பெற்றார்.

பொட்டலம் அவிழக் கால்சியம் வேண்டும். கால்சியம் வந்துவிட்டது என்பதைப் பை எவ்வாறு அறிகிறது? சினாப்டோடாக்மின்-1 என்னும் புரதம் இங்கே காவலாளியாக நிற்கிறது. அதன் ஒரு முனை பையின் சவ்வில் ஊன்றியுள்ளது. வெளியே நீண்ட இரு பகுதிகள் கால்சியம் அயனிகளைப் பற்றுகின்றன. தாமஸ் சூட்ஹோஃப் குழுவினர் 1994-இல் இதன் மரபணு பழுதான எலிகளை ஆராய்ந்தனர். தூண்டியவுடன் நிகழும் விரைவான வெளியீடு பெரிதும் குன்றியிருந்தது. மெதுவான வெளியீடு எஞ்சியது. சூட்ஹோஃப் 2013-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மனிதரில் இம்மரபணுவில் ஏற்படும் பிழை குழந்தையின் வளர்ச்சியைக் கடுமையாகப் பாதிக்கும் என்பது 2015-இல் தெரியவந்தது.

மாணவர்களே, உங்கள் ஆய்வுக்கூடத்தில் முள் நடுங்கினால், கருவியைக் குறை கூறுமுன் அந்த நடுக்கத்தையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.