தஞ்சைச் சரபோசியும் இளவர் உடைமைக் காப்பும்

இளவரின் உடைமையைக் காக்கும் கடன் அரசனுடையது என்பது பழைய அறநூல்களின் துணிபு. சிறுவன் கல்வி முடித்து மீளுங்காறும், அன்றி இளமை கடக்குங்காறும், அவனுக்கு வழிவழி வந்த பொருளை அரசன் காத்தல் வேண்டுமென மனுநூல் விதிக்கின்றது. அப்பொருளை ஊர்ப் பெரியோர் வளர்த்துத் தருதல் வேண்டுமென்பர் கௌடலியர். இவ்விரு நூல்களும் காப்பினை உறவினர் ஒருவர் கையில் மட்டும் ஒப்படைக்கவில்லை என்பது கருதத்தக்கது. அங்ஙனம் ஒப்படைப்பின் நேர்வது யாது என்பதைத் தஞ்சை வரலாறு காட்டும்.

மராட்டிய மன்னர் துளசாசி, 1787-ஆம் ஆண்டு இறப்பதற்கு முன்னர், பத்து அகவை நிரம்பாத சரபோசியைத் தத்தெடுத்தார். சிறுவனுக்குக் காப்பாளராகுமாறு சமயத் தொண்டர் சுவார்ட்சு ஐயரை வேண்டினார். அவர் அப்பொறுப்பை ஏலாமையால், மன்னரின் மாற்றாந்தாய் மகனாகிய அமர்சிங் காப்பாளரானார். பிழை இங்கேதான் தொடங்கிற்று. தத்து செல்லாதெனின் அரியணை யாருக்கு உரியதாகுமோ, அவரே சிறுவனுக்குக் காவலர்! மன்னர் மறைந்தபின் பண்டிதர் சிலர் தத்து செல்லாதென்றனர். கும்பினியாரும் அதனை ஏற்று அமர்சிங்கை அரசராக்கினர். சரபோசி கல்வியும் உரிமை வாழ்வும் இன்றி அடைபட்டிருந்தார். சுவார்ட்சு ஐயரின் இடையறா முறையீட்டால் 1793-இல் சென்னைக்கு அனுப்பப்பெற்றார். தத்து மீண்டும் ஆராயப்பட்டுச் செல்லுமெனத் துணியப்பட்டது. 1798-இல் அவர் அரியணை ஏறினார்.

ஆயின், மீட்டவர்களும் விலை பெறாமல் விட்டாரல்லர். 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கும்பினியார்க்குச் சென்றது. மன்னருக்கு எஞ்சியவை கோட்டையும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும், ஆண்டுக்கு ஓர் இலட்சம் வராகனுமே. சரபோசி அப்போது இளவர் அல்லர். எனினும் தம்மை அரசராக்கியோர்க்கு மறுப்புக் கூறும் நிலையில் அவர் இருந்தாரென நாம் கருதவில்லை.

பிற்காலச் சட்டங்கள் இவ்விடர்களுக்கே வேலி கோலின. 1890-ஆம் ஆண்டுச் சட்டம், நீதிமன்றம் அமர்த்திய காப்பாளர் அதன் இசைவின்றி நிலத்தை விற்றலையும், ஈடு வைத்தலையும், ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு விடுதலையும் தடுத்தது. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்புச் சட்டம் இக்கட்டினை இயற்கைக் காப்பாளராகிய பெற்றோருக்கும் விரித்தது. மீறிச் செய்த விற்பனையை இளவர் தள்ளுபடி செய்விக்கவும் வழி வகுத்தது. குத்தகை பற்றிய விதி காவிரிப் படுகைக்குப் பெரிதும் பொருந்துவதாம். நன்செய்யை விற்காமலே, குறைந்த நெல்லுக்கு நெடுங்குத்தகை விட்டு, அதன் பயனை அழித்தல் கூடுமன்றோ?

காப்பாளரின் நல்லெண்ணம் ஒன்றே இளவருக்கு அரணாகாது. அவருடைய நலம் இளவரின் நலத்தோடு முரணாதிருத்தலும், அவர் பிறருக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டிருத்தலுமே அரணாம். சரபோசிக்கு இவ்விரண்டும் வாய்க்கவில்லை என்பதே நாம் கண்ட முடிபு.