ஒரே சந்து, இரண்டு கூட்டம்

சரித்திர நாவல் என்றதும் ராஜா, குதிரை, சுரங்கப்பாதை, பழிக்குப் பழி இவைதான் ஞாபகத்துக்கு வரும். சாக்கடை நாறும் சந்தில் வாடகைக்குக் குடியிருந்தவர்களுக்கும் சரித்திரம் உண்டு, நண்பர்களே! கெவின் பேக்கர் எழுதிய 'பாரடைஸ் ஆலி' (2002) அப்படிப்பட்ட நாவல். களம் நியூயார்க், காலம் 1863 ஜூலை. ரூத் ஐரிஷ் பெண். கணவன் பில்லி டவ், அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த கறுப்பர். இவர்கள் கற்பனை, பின்னணி நிஜம். அந்த நிஜத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோய் தாக்கி அழுகியது. பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதைவிட அதிகம் பேர் கப்பலேறினார்கள். 1860-ல் நியூயார்க்கின் எட்டு லட்சம் ஜனங்களில் சுமார் இரண்டு லட்சம் பேர் அயர்லாந்தில் பிறந்தவர்கள். கறுப்பர்கள் 12,000 சொச்சம்தான். அந்த மாநிலத்தில் அடிமை முறை 1827-லேயே ஒழிந்தது. ஆனாலும் கறுப்பர் ஓட்டுப் போட 250 டாலர் சொத்து காட்ட வேண்டும். வெள்ளையருக்கு அந்த நிபந்தனை கிடையாது.

'ஃபைவ் பாயிண்ட்ஸ்' பகுதியில் இரண்டு கூட்டமும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஐரிஷ் ஆட்டமும் ஆப்பிரிக்க ஆட்டமும் இந்த மாதிரி இடங்களில் கலந்துதான் டாப் டான்ஸ் உருவானது. கலப்புக் கல்யாணமும் நடந்தது.

அப்புறம் ஏன் வெட்டுக்குத்து? காரணம் இரண்டு. ஒன்று, கூலி. துறைமுகத்தில் ஐரிஷ்காரர்கள் ஸ்டிரைக் செய்தபோது முதலாளிகள் கறுப்பர்களை வேலைக்கு இறக்கினார்கள். இரண்டு, சட்டம். உள்நாட்டுப் போருக்கு ஆள் போதாமல் 1863 மார்ச்சில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தது. குலுக்கலில் பெயர் வந்தால் போக வேண்டும். 300 டாலர் கட்டினால் போக வேண்டாம். கூலிக்காரனுக்கு அது கிட்டத்தட்ட ஒரு வருஷச் சம்பளம். கறுப்பர்களைக் குடிமக்களாகவே கருதாததால் குலுக்கலில் சேர்க்கவில்லை. 'விடுதலையான அடிமைகள் வந்து உன் வேலையைப் பிடுங்கிக்கொள்வார்கள்' என்று அரசியல்வாதிகளும் பத்திரிகைகளும் தூபம் போட்டார்கள். கோபம் 300 டாலர்க்காரன் மேல் திரும்பியிருக்க வேண்டும். அடி விழுந்ததோ பக்கத்து வீட்டுக்காரன் மேல்.

ஜூலை 13, திங்கள்கிழமை. கூட்டம் மூன்றாவது அவென்யூவிலிருந்த குலுக்கல் ஆபீஸைக் கொளுத்தியது. இன்ஜினியர் கண்ணில் படும் விஷயம் ஒன்று: தந்திக் கம்பிகளை அறுத்தார்கள், தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். செய்தியும் படையும் வரக்கூடாது! அன்று மாலையே கறுப்பர் அநாதைக் குழந்தைகள் இல்லம் எரிந்தது. உள்ளே இருந்த 233 குழந்தைகளும் பின்வாசல் வழியாகத் தப்பினார்கள்.

மற்றவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கறுப்பர்களை அடித்துத் தெருவிளக்குக் கம்பத்தில் தொங்கவிட்டார்கள். ஆன் டெரிக்ஸன் என்ற வெள்ளைக்காரப் பெண் கறுப்பரைக் கல்யாணம் செய்தவர். மகனைக் காப்பாற்றக் குறுக்கே விழுந்தார்; அந்தக் காயத்தாலேயே இறந்தார். கூட்டத்தைக் கலைக்க வந்த கர்னல் ஓ'பிரையனும் கொல்லப்பட்டார். அவரும் ஐரிஷ்காரர்தான். அடித்தவர்களிலும் ஐரிஷ், தடுத்த போலீஸிலும் ஐரிஷ். ஆகவே 'அந்த ஜாதியே அப்படித்தான்' என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட முடியாது.

கெட்டிஸ்பர்க் போர் முடிந்த கையோடு திரும்பி வந்த படைகள்தான் கலவரத்தை அடக்கின. அதிகாரபூர்வ சாவுக் கணக்கு சுமார் 120. 1865-ல் நகரத்தின் கறுப்பர் எண்ணிக்கை 10,000-க்கும் கீழே போய்விட்டது. ஆனாலும் 1864 மார்ச்சில், எட்டே மாதத்தில், 20-வது கறுப்பர் படைப்பிரிவு அதே நகரத் தெருக்களில் அணிவகுத்து யுத்தத்துக்குப் புறப்பட்டது.

செத்தவர், ஊரைவிட்டுப் போனவர் கணக்கு ரிப்போர்ட்டில் இருக்கிறது. ரூத் மாதிரி ஒரு பெண், ராத்திரி கதவுக்குப் பின்னால் குழந்தைகளோடு நின்று, வெளியே தன் ஊர்ப் பேச்சையே கேட்டு நடுங்கியது எந்த ரிப்போர்ட்டிலும் வராது. அந்த இடத்தை நிரப்பத்தான் நாவலாசிரியன் வேண்டியிருக்கிறது. படிக்கும் தம்பி, தங்கைகளே, பரீட்சை முடிந்ததும் இப்படி ஒரு புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். படிக்கும்போது ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்திருங்கள்: இந்தச் சண்டையில் 300 டாலர் கட்டியவன் எங்கே இருந்தான்?