வானுக்கு மனிதர் இட்ட பெயர்கள்

நிலவில்லாத இரவில், ஊர் விளக்குகளின் ஒளி எட்டாத இடத்தில் நின்று அண்ணாந்து பார்ப்போர்க்கு, வானின் குறுக்கே மங்கிய வெண்பட்டை ஒன்று தெரியும். உலகத்து மக்கள் அதைக் கண்டு தத்தம் மொழியில் பெயரிட்டனர். ஆனால் இருப்பன அனைத்தையும் ஒருசேரக் கண்டவர் எவருமில்லை. ஆயினும் அந்த முழுமைக்கும் மொழிகள் பெயர் வைத்திருக்கின்றன. முன்னதைக் கண் தந்தது. பின்னதைக் கருத்து தந்தது. இவ்விரு வகைச் சொற்களும் பிறந்த விதத்தை அறிந்தால், இன்றைய தமிழ் அறிவியலில் அவற்றை எவ்வாறு வரையறுத்து வழங்கலாம் என்பதும் தெளியும்.

கண் தந்த பெயர்கள்

கிரேக்க மொழியில் 'காலா' என்றால் பால். குழந்தை ஹெராக்ளீசை மார்பிலிருந்து விலக்கியபோது ஹீரா தேவியின் பால் வானில் சிதறிற்று என்பது அவர்கள் புராணம். 'காலாக்சி' என்னும் சொல்லின் வேர் இதுவே. உரோமர் அதைப் 'பால் வழி' என்று இலத்தீனில் ஆக்கிக்கொண்டனர். பாரசீகர் வைக்கோல் இழுத்துச் சென்ற தடமாகக் கண்டு 'கஹ்கஷான்' என்றனர்; உருதுக் கவிஞர்கள் அச்சொல்லை இன்றும் விரும்பி ஆள்கின்றனர். சீனர்க்கு அது வெள்ளி ஆறு. ஜப்பானியர்க்கு வானத்து ஆறு. பின்லாந்தினர்க்குப் பறவைகளின் பாதை. சுவீடன் நாட்டார்க்குக் குளிர்காலத் தெரு. வடமொழி அதை ஆகாச கங்கை என்றது.

பாலும் வைக்கோலும் வெள்ளியும் நிறத்தைச் சொல்கின்றன. ஆறும் பாதையும் தெருவும் நீண்ட வடிவைச் சொல்கின்றன. நம் 'பால்வீதி' இவ்விரண்டையும் ஒன்றாகச் சொல்கிறது. பால் என்னும் முற்பகுதி மேலை மரபிலிருந்து வந்தது. வீதி என்னும் பிற்பகுதியோ தமிழ் வானியலில் முன்பே பயின்ற சொல். பரிபாடலின் 11ஆம் பாடல் கோள்நிலையைக் கூறும் இடத்துக்கு உரை வகுத்த பரிமேலழகர், இடபவீதி, மிதுனவீதி, மேடவீதி என்று வான்பாதைகளைப் பிரித்துக் காட்டுகிறார். ஆகவே பால்வீதி என்பது வெறும் மொழிபெயர்ப்பன்று. பழைய கலைச்சொல் ஒன்றின்மேல் எழுந்த புதிய ஆக்கம்.

கருத்து தந்த பெயர்கள்

முழுமையைக் குறிக்கும் சொற்களில் ஒவ்வொரு நாகரிகத்தின் சிந்தனையும் வெளிப்படுகிறது. கிரேக்கரின் 'காஸ்மாஸ்' ஒழுங்கையும் அணியையும் ஒருங்கே குறிக்கும். ஒழுங்காக இருப்பதே அழகு என்பது அவர்கள் கொள்கை. ஆங்கில 'யுனிவர்ஸ்' சொல்லின் இலத்தீன் மூலத்துக்கு 'ஒன்றாகத் திரும்பியது' என்று பொருள். சீனரின் 'யூசோ' என்னும் கூட்டுச்சொல்லில் முதலது வீட்டின் இறவாரம். அடுத்தது முகட்டு உத்தரம். பண்டைய சீன நூல்கள் முதலதற்குத் திசைகள் அனைத்தும் என்றும், அடுத்ததற்குச் சென்ற காலமும் நிகழ்காலமும் என்றும் பொருள் விரித்தன. இடமும் காலமும் ஒரே சொல்லில் அமைந்தது வியப்புக்குரியது.

வடமொழி வழி நாம் பெற்ற 'அண்டம்' என்பதற்கு முட்டை என்பது முதற்பொருள். உயிர் உள்ளே பொதிந்து, உருண்டு, எல்லை உடையது என்னும் எண்ணம் அதில் உண்டு. 'பிரபஞ்சம்' என்பதை ஐம்பூதங்களோடு இயைத்துச் சொல்வது பெருவழக்கு. ஆயினும் விரிதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்தே அது பிறந்ததாக அகராதிகள் காட்டும். 1929இல் வானியலார் ஹபிள் வெளியிட்ட, பேரண்டம் விரிவதைக் காட்டும் அளவீடுகளை இதனோடு இணைத்து, முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று கூறுவது பொருந்தாது. ஒன்று பலவாகத் தோன்றி விரிவதைப் பேசும் தத்துவச் சொல் அது. அதன் பெருமைக்கு அதுவே போதும்.

பெயர் பொருள் மாறிய காலம்

1610இல் கலிலியோ, பால்வீதி எண்ணற்ற விண்மீன்களின் கூட்டம் என்று தம் தொலைநோக்கி கொண்டு காட்டினார். வானில் மங்கலாகத் தெரியும் சில ஒளித்திட்டுகள் வேறு பால்வீதிகளாக இருக்கலாம் என்று 1755இல் தத்துவ அறிஞர் காண்ட் கருதினார். ஆந்திரமேடா என்னும் விண்மீன் உருவத்தில் உள்ள அத்தகைய திட்டு ஒன்றைப் பத்தாம் நூற்றாண்டிலேயே பாரசீக வானியலார் அல்-சூஃபி 'சிறு மேகம்' எனக் குறித்திருந்தார். மேலை வானியலாரும் மூடுபனி என்னும் பொருளுடைய 'நெபுலா' என்ற பெயரையே அவற்றுக்கு வழங்கினர்.

ஐயம் தீர்ந்தது 20ஆம் நூற்றாண்டில். ஒளி மாறும் செபீடு விண்மீன்களின் துடிப்புக் காலத்துக்கும் ஒளிர்வுக்கும் உள்ள தொடர்பை வானியலார் ஹென்ரியேட்டா லெவிட் 1912இல் வெளியிட்டார். 1923 அக்டோபரில் ஹபிள், மவுண்ட் வில்சன் ஆய்வகத்தின் 100 அங்குலத் தொலைநோக்கியால் ஆந்திரமேடாவின் அந்த ஒளித்திட்டில் அத்தகைய விண்மீன் ஒன்றைக் கண்டார். அதைக் கொண்டு அளந்தபோது அத்திட்டு நம் பால்வீதிக்கு வெகு அப்பால் இருப்பது உறுதியாயிற்று. அதன் தொலைவு ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டு என்பது இன்றைய கணக்கு. அதன்பின் 'காலாக்சி' என்ற சிறப்புப்பெயர் ஓர் இனத்துக்கே பொதுப்பெயராயிற்று. ஆனால் ஹபிளோ 1936இல் எழுதிய நூலின் தலைப்பிலும் 'நெபுலா' என்றே எழுதினார். உண்மையை நிறுவியவரே பழைய பெயரை விடவில்லை.

தமிழில் செய்யத்தக்கது

ஆங்கிலத்தில் 'காலாக்சி' என்னும் ஒரே சொல் சிறப்புப்பெயர், பொதுப்பெயர் என்னும் இரு பணியும் செய்கிறது. நம்முடையதைக் குறிக்கும்போது முதலெழுத்தைப் பெரிதாக எழுதி வேறுபடுத்துவர். தமிழ் எழுத்தில் அந்த வாய்ப்பில்லை. நமக்கு இரு சொற்கள் வேண்டும். இப்போதோ ஒரு நூலில் அண்டம் என்பது முழுமையையும், வேறொரு நூலில் விண்மீன் தொகுதியையும் குறிக்கிறது. மண்டலம் என்ற சொல் இராசி உருவங்களுக்கும் பால்வீதிக்கும் பொதுவாய் நின்று மாணவரை மயக்குகிறது.

இதற்கு வழியை மாணிக்கவாசகரிடம் காண்கிறோம். திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் அவர் ஓர் அண்டத்தைப் பேசவில்லை; நூற்றொரு கோடிக்கு மேற்பட்ட அண்டங்களைப் பேசுகிறார். இறைவன்முன் அவை வீட்டுக்குள் நுழையும் கதிரில் மிதக்கும் நுண்துகள் போல்வன என்கிறார். அது பக்தி மொழி, வான்கணக்கு அன்று. ஆனால் அண்டம் என்பது எண்ணத்தக்க பன்மைப் பொருள் என்னும் வழக்கை அது உறுதி செய்கிறது. ஆகவே நம் விண்மீன் தொகுதிக்குப் பால்வீதி, அவ்வினத்துக்கு அண்டம், அனைத்தும் அடங்கிய முழுமைக்குப் பேரண்டம், இராசி முதலிய உருவங்களுக்கு மட்டும் மண்டலம் என்று வரையறுத்துக்கொள்வது தகும். பிரபஞ்சத்தைத் தத்துவத்துக்கு விட்டுவிடலாம்.

இவற்றுள் புதிதாகப் படைக்க வேண்டிய சொல் ஒன்றும் இல்லை. பாடநூல் எழுதுவோரும் இதழாசிரியரும் ஒரே பொருளில் தொடர்ந்து ஆண்டால் போதும். தமிழில் வானியல் கற்கும் பிள்ளைகள் சொல்லில் இடறாமல் பொருளைப் பற்றிக்கொள்வார்கள்.