கண்ணுக்குள் ஒரு மஞ்சள்

ஊசியில் நூல் கோக்கும்போதும், பஞ்சாங்கத்தின் பொடி எழுத்தைப் படிக்கும்போதும், எதிரே வருகிறவர் இன்னார் என்று அடையாளம் காணும்போதும், விழித்திரை முழுவதும் நமக்காக உழைக்கிறது என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அவ்வேலைகளையெல்லாம் செய்து தருவது அத்திரையின் நடுவே, ஒரு மிளகுக்குள் அடங்கிவிடக்கூடிய சிறியதோர் இடமே. அதற்கு மஞ்சட் புள்ளி என்று பெயர். விருத்தாப்பியத்தில் இவ்விடம் நலிந்துபோனால், மனிதர் சுவரைத் தடவாமல் நடமாட முடியுமே தவிர, எதை உற்று நோக்குகிறாரோ அதுவே நடுவில் மங்கி மறைந்துவிடும். இத்துணை முக்கியமான இடத்தில் மஞ்சள் எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை காண மனிதருக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் பிடித்தன.

1782-இல் மிலான் நகரத்து பிரான்செஸ்கோ பூட்ஸி, விழித்திரையில் மஞ்சள் படிந்த பகுதி ஒன்று உண்டென்று எழுதினார். அதைப் பொருட்படுத்தியவர் அதிகம் இல்லை. 1791-இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் உடற்கூற்று சாஸ்திரம் போதித்துவந்த ஸாமுவேல் தாமஸ் ஸெம்மரிங், நீரில் மூழ்கி இறந்த ஓர் இளைஞனுடைய கண்ணை அறுத்து ஆராய்கையில் அதே மஞ்சளைக் கண்டார். அதன் மையத்தில் துவாரம் ஒன்று இருப்பதாகவும் தீர்மானித்துவிட்டார். அது துவாரமன்று, விழித்திரையின் மேலடுக்குகள் ஒதுங்கி மெலிந்த குழி என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று; ஆயினும் தவறாகக் கண்ட துவாரத்தோடு சரியாகக் கண்ட மஞ்சளும் அவர் பெயராலேயே சாஸ்திர உலகில் பரவியது.

பிணத்தின் கண்ணில் கண்ட நிறம் உயிருள்ளவர் கண்ணிலும் உண்டா என்ற சந்தேகம் எழுந்தது இயல்பே. அதற்கு முதலில் சாட்சி கூறியவர், மின்சாரத்தையும் காந்தத்தையும் ஒரே கணிதத்துக்குள் அடக்கிய ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்: நிறமாலையின் நீலப் பகுதியை நோக்கும்போது மட்டும் தம் பார்வையின் நடுவில் கருநிழல் ஒன்று தோன்றுவதைக் கவனித்து, நீல ஒளியை மஞ்சட் புள்ளி விழுங்குவதே அதன் காரணம் என்று அவர் 1856-இல் அறிவித்தார். பத்தாண்டு கழித்து, பான் நகரத்து மாக்ஸ் ஷுல்ட்ஸே, நீலத்தையும் ஊதாவையும் தடுக்கும் இந்த மஞ்சள் பார்வைக்குத் தெளிவு தருவதோடு காவலாகவும் நிற்கக்கூடும் என்று ஊகித்தார். இவ்வளவுக்குப் பிறகும் விவாதம் அடங்கவில்லை. கண்ணின் ஒளியியலை ஆராய்ந்து 1911-இல் நோபல் பரிசு பெற்ற ஆல்வார் குல்ஸ்ட்ராண்டே, மஞ்சள் என்பது மரணத்துக்குப் பின் உண்டாகும் விகாரம் என்று வாதாடினார்; பெரியவர் ஒருவர் மறுத்துவிட்டால் கண்கூடான உண்மையும் சில காலம் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான்.

இதற்கிடையில், கண்ணைப் பற்றிய சிந்தனையே இல்லாத ரசாயனிகள் வேறு மஞ்சள்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். 1831-இல் வாக்கன்ரோடர் காரட் கிழங்கிலிருந்து கரோட்டீனைப் பிரித்தார். 1837-இல் ஸ்வீடன் தேசத்து பெர்ஸீலியஸ், இலையுதிர் காலத்து இலைகளிலிருந்து எடுத்த மஞ்சளுக்கு, கிரேக்க மொழியில் மஞ்சள் இலை என்று பொருள்படும் ஸாந்தோஃபில் என்ற பெயரை இட்டார். பசுமை மறையும்போது மஞ்சள் புதிதாகப் பிறப்பதில்லை, பச்சையத்தின் அடியில் முன்பே இருந்ததுதான் வெளித் தோன்றுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், கீரையின் கரும்பச்சையில் எவ்வளவு மஞ்சள் ஒளிந்திருக்கிறது என்பது விளங்கும். 1912-இல் வில்ஷ்டெட்டர் கோழி முட்டையின் கருவிலிருந்து பிரித்தெடுத்த மஞ்சளும் இலையின் மஞ்சளுக்கு உடன்பிறப்பாகவே இருந்தது. கோழி தின்ற பச்சையும் தானியமும் கருவில் நிறமாய்ச் சேர்ந்திருந்தன. மக்காச்சோளத்தின் மஞ்சளுக்கு ஸியாக்ஸாந்தின் என்றும், கருவின் மஞ்சளுக்கு லூட்டின் என்றும் பெயர்கள் நிலைத்தன.

வெவ்வேறு மலைகளில் பிறந்த இரண்டு ஆறுகள்போல ஓடிவந்த இந்த ஆராய்ச்சிகள் 1945-இல் ஒன்று கூடின. ஹார்வர்டில் இருந்த ஜார்ஜ் வால்ட், மனிதருடைய மஞ்சட் புள்ளியிலுள்ள நிறம் இலைகளில் உள்ள ஸாந்தோஃபில் இனத்ததே என்று காட்டினார். 1985-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் போன், லாண்ட்ரம் ஆகியோர் அது லூட்டினும் ஸியாக்ஸாந்தினும் சேர்ந்தது என்று இனம் கண்டனர். இவ்விரண்டையும் உற்பத்தி செய்யும் சக்தி மனித தேகத்துக்கு இல்லை. இந்த நிறப்பொருள்கள் அறவே இல்லாத உணவை ஊட்டி வளர்த்த குரங்குகளின் கண்களில் மஞ்சள் படியவே இல்லை என்பதை 1980-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று முன்பே காட்டியிருந்தது.

மஞ்சள் எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. எதற்காக என்பதற்கு விடை காண நோயின் பக்கம் திரும்ப வேண்டும். முதியோரின் மஞ்சட் புள்ளி நலிவை லண்டனில் ஹட்சின்ஸனும் டேயும் 1874-இல் விவரித்தார்கள். விழித்திரையோ, தேகத்தில் பிராண வாயுவை மிகுதியாகச் செலவழிக்கும் திசுக்களில் ஒன்று. அதன் அணுக்களின் சவ்வுகளில் எளிதில் கெடக்கூடிய கொழுப்பு நிறைந்திருக்கிறது. அதன்மேல் ஆயுள் முழுவதும் ஒளி விழுகிறது. எண்ணெய் நாளடைவில் காற்றுப் பட்டுச் சிக்குவாடை அடைவதுபோல, பிராண வாயுவும் ஒளியும் கூடி உண்டாக்கும் வெறி கொண்ட மூலக்கூறுகள் அந்தக் கொழுப்பைச் சிதைக்கின்றன. தேகத்தின் முதுமைக்கே இத்தகைய மூலக்கூறுகள்தாம் ஹேது என்ற கொள்கையை 1956-இல் டென்ஹாம் ஹார்மன் வெளியிட்டார். மஞ்சட் புள்ளியின் நிறம் இங்கே இரண்டு வகையில் காவல் புரிகிறது: தீங்கு மிகுந்த நீல ஒளி ஒளியுணர் அணுக்களை அடையுமுன் வடிகட்டுகிறது, அதையும் மீறிப் பிறந்த மூலக்கூறுகளின் வேகத்தைத் தான் ஏற்றுத் தணிக்கிறது. ஷுல்ட்ஸேயின் ஊகம் பாதிதான். மறுபாதியைச் சொல்ல அவர் காலத்து ரசாயனம் வளர்ந்திருக்கவில்லை.

காவலன் இன்னான் என்று தெரிந்ததும், அவனைப் பொட்டலம் கட்டி விற்கும் ஆசை உலகத்துக்கு வந்துவிட்டது. அந்த ஆசைக்கு வேலி கட்டியவை நெடுங்காலப் பரீட்சைகள். 1994-இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி, இந்த மஞ்சள்களின் வகுப்பைச் சேர்ந்த கரோட்டீனாய்டுகளை உணவில் மிகுதியாகப் பெற்றவர்களிடம் முற்றிய நலிவு 43 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது என்றும், அவற்றுள் கீரைகளில் உள்ள லூட்டினும் ஸியாக்ஸாந்தினுமே மிகவும் வலிய தொடர்புடையவை என்றும் கூறியது. அதே ஆண்டில் ஃபின்லாந்தில், 29,133 புகை பிடிக்கும் ஆண்களிடம் நடந்த பரீட்சையில், பீட்டா கரோட்டீன் மாத்திரை உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாயிற்று. உணவிலிருக்கும்போது நண்பனாக இருந்தது மாத்திரையில் அளவு மிஞ்சியபோது அவர்களுக்குப் பகையாயிற்று. 2001-இல் முடிவு வெளியான அமெரிக்கப் பரீட்சை, வைட்டமின் சி, வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டீன், துத்தநாகம் ஆகியவற்றைச் சேர்த்து உண்டால், நோய் இடைநிலையை எட்டியவர்கள் முற்றிய நிலைக்குச் செல்லும் அபாயம் சுமார் 25 சதவீதம் குறைகிறது என்று கண்டது. நோயே இல்லாதவரை அது காக்கும் என்று சொல்லவில்லை. 4,203 பேரைக் கொண்டு நடந்து 2013-இல் முடிவு வெளியான இரண்டாம் பரீட்சை, பீட்டா கரோட்டீனை நீக்கி, அதன் இடத்தில் 10 மில்லிகிராம் லூட்டினையும் 2 மில்லிகிராம் ஸியாக்ஸாந்தினையும் வைப்பதே தக்கது என்று காட்டியது.

அந்த லூட்டினைத் தருவது பெரும்பாலும் மெக்ஸிகோவில் தோன்றி நம் ஊர் மாலைகளில் இடம்பெற்றுவிட்ட செண்டுமல்லிதான். உலர்ந்த இதழ்களைத் தீவனத்தில் கலந்து முட்டைக் கருவுக்கு நிறமூட்டும் வியாபாரம் முதலில் வந்தது. கண் மாத்திரை அதற்குப் பின் வந்தது. இன்று கர்நாடகத்தின் குண்டல்பேட்டைப் பக்கத்திலும் தமிழ்நாட்டின் சில பகுதிகளிலும், பூக்கடைக்கன்றி ஆலைக்கே போகும் செண்டுமல்லி ஏக்கர் கணக்கில் பூக்கிறது. கண்ணுக்கு நல்லதென்று பொன்னாங்கண்ணியைக் கடைந்து போட்ட நம் வீட்டு முதியவர்களுக்கு லூட்டின் என்ற பெயர் தெரியாது. தெரியாமலே பச்சைக்குள் இருந்த மஞ்சளைப் பேரப்பிள்ளைகளின் கண்ணில் சேர்த்துவைத்தார்கள்.

இந்த மஞ்சள் பிதுரார்ஜிதச் சொத்தாக வந்து சேர்வதன்று. ஒவ்வொரு மனிதரும் தம் ஆயுளில் உண்டுதான் சேர்க்க வேண்டும். அன்று மைன்ஸ் நகரத்து மேஜையின்மேல் ஸெம்மரிங் வியந்து நோக்கிய நிறமும், பெயர் தெரியாத அந்த இளைஞன் தன் குறுகிய வாழ்நாளில் உண்ட இலைகளும் தானியங்களும் முட்டைகளும் விட்டுச்சென்ற மிச்சமேயாகும்.