லட்சுமிகாந்தன் வழக்கும் நான் தேடிய புத்தகமும்

எங்கள் அப்பா பாகவதர் பக்தர். சித்தப்பாவோ, "நெருப்பில்லாமல் புகையுமா?" என்பார். தீபாவளிக்கு எல்லோரும் கூடினால் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு வராமல் போகாது. ஒரு வருஷம் பேச்சு முற்றி, சித்தப்பா சாப்பிடாமலே கிளம்பிப் போய்விட்டார். யார் சொன்னது சரி என்று தெரிந்துகொள்ள, ரிட்டையர் ஆன பிறகு புத்தகம் புத்தகமாகத் தேடினேன்.

விவரம் உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். 'சினிமா தூது', 'இந்து நேசன்' பத்திரிகைகளில் நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதியவர் லட்சுமிகாந்தன். 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போனவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் இறந்தார். 'ஹரிதாஸ்' வெளியாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. எம்.கே. தியாகராஜ பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கைதானார்கள். 1945 மே மாதம் நாயுடு விடுதலையானார். மற்ற இருவருக்கும் ஆயுள் தண்டனை. ஹைகோர்ட்டில் அப்பீல் தள்ளுபடியானது. லண்டன் பிரிவி கவுன்சில், அப்பீலை மறுபடி விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள்.

நான் படித்தவற்றில் பாதி, கண்ணீர் வடிக்கும் வாழ்க்கை வரலாறுகள். அவற்றில் லட்சுமிகாந்தன் வெறும் வில்லன். செத்தது நல்லதுதான் என்று சொல்லாத குறை. மீதிப் பாதி, "உள்ளே என்ன நடந்ததோ!" என்று கண் சிமிட்டும் ரகம்.

கடைசியில் ஒரு வக்கீல் நண்பர் பிரிவி கவுன்சில் தீர்ப்பின் நகலைக் கொடுத்தார். அழுகையும் இல்லை, வம்பும் இல்லை. கொன்றது யார் என்று அது தேடவே இல்லை. ஹைகோர்ட் அப்பீலை முறைப்படி விசாரித்ததா என்று மட்டும் பார்த்தது. அதைப் படித்த பிறகுதான் எனக்குப் புத்தகங்களை எடை போடத் தெரிந்தது.

இப்போது எந்தப் புத்தகம் கிடைத்தாலும் மூன்று விஷயம் பார்க்கிறேன். விடுதலைக்குக் காரணம் சொல்கிறதா, அல்லது "தர்மம் வென்றது" என்று முடித்துவிடுகிறதா? அப்ரூவர் சாட்சியை இரண்டு தரப்பு வக்கீல்களும் எப்படிப் பார்த்தார்கள் என்று இருக்கிறதா? நட்சத்திரங்களோடு கூண்டில் நின்ற சாமானியர்களுக்கு நாலு வரியாவது உண்டா? மூன்றும் உள்ள புத்தகம் அபூர்வம்.

பாகவதருக்குப் பழைய நாட்கள் திரும்பவில்லை. 1959-இல் காலமானார். உண்மையில் கொன்றது யார் என்ற கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை. அப்பாவும் சித்தப்பாவும் ஒரு விஷயத்தில் ஒன்றுதான்: குத்துப்பட்டுச் செத்தவனும் ஒரு மனுஷன் என்று இருவருமே சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லப்போனால், நானும் அப்போது நினைத்ததில்லை.

உங்கள் வீட்டில் இந்த வழக்கில் யார் எந்தக் கட்சி?