தோட்டாவுக்குக் கணக்கு உண்டு

கெடாவின் யான் வட்டத்தில் எந்த வயல் வரப்பில் நின்றாலும் ஜெராய் மலை தெரியும். உயரம் 1,217 மீட்டர். கெடாவின் பழைய பெயரான கடாரத்துக்குக் கப்பலில் வந்தவர்கள் கரையை அடையாளம் கண்டது இந்த மலையை வைத்துத்தான். மலைக்கு மேற்கே கடல்வரை நெல் விளைகிறது. கிழக்கிலும் தெற்கிலும் இறங்கினால் குருன், பீடோங், சுங்கை பட்டாணி என்று ரப்பர் வளர்ந்த மண். தமிழர்களின் லயங்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் எழுந்தன. நூறாண்டுக்கு மேலாக இந்த மலையடி துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டு வந்திருக்கிறது. பன்றியை விரட்டச் சுட்டார்கள், போரில் சுட்டார்கள், காவலுக்கு நின்று சுட்டார்கள். எந்தக் காலத்திலும் தோட்டாவை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கினார்கள். சுட்டவரின் காதைப் பற்றிக் கேட்க ஆளில்லை.

முதலில் வந்தது வேட்டைத் துப்பாக்கி. ரப்பர்க் கன்று நட்ட புதுக்காட்டில் காட்டுப்பன்றி புகுந்தால் ஒரே இரவில் வரிசை வரிசையாகக் கிளறிவிடும். துரையின் பங்களாவில் இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்ததற்குப் பொழுதுபோக்கு ஒரு காரணம், பன்றி இன்னொரு காரணம். துரை சுடப் போனால் பன்றியைக் கலைக்கவும் சுட்டதைத் தூக்கவும் தோட்டத்து ஆட்கள் கூடவே போவார்கள். அன்றைய தோட்டாவின் கூடு காகிதத்தால் ஆனது. மலாயாவின் ஈரக்காற்றில் காகிதம் ஊதிப் பெருத்துக் குழலுக்குள் நுழைய மறுக்கும். அதனால் கைனாக், ஈலி போன்ற இங்கிலாந்துக் கம்பெனிகள் வெப்ப நாடுகளுக்கென்று முழுப் பித்தளைக் கூடுகளையும் விற்றன. பித்தளைக் கூட்டைத் திரும்பத் திரும்ப நிரப்பலாம். எரிந்த கேப்பைத் தட்டி எடுத்துப் புதுக் கேப்பைப் பொருத்துவார்கள். வெடிமருந்தை அளந்து போட்டு, மேலே அட்டை வில்லையை அமுக்கி, ஈய ரவையைக் கொட்டி, இன்னொரு வில்லையால் மூடுவார்கள். கப்பல் வந்து சேர மாதக்கணக்கில் காத்திருந்த காலத்தில் இது சிக்கனத்துக்கான வேலை. இன்று அமெரிக்காவில் இலட்சக்கணக்கானவர்கள் வீட்டு மேசையில் செய்யும் மறுநிரப்புப் பொழுதுபோக்குக்கும் அதே சிக்கனம்தான் மூலம். கெடாவில் அது வீட்டுப் பழக்கமாக வேர் பிடிக்கவில்லை. ஏன் என்பதற்கு இந்த வட்டாரத்தின் வரலாறே பதில் சொல்கிறது.

1941 டிசம்பரில் ஜப்பானியர்கள் ஜித்ராவை உடைத்துக்கொண்டு தெற்கே வந்தபோது, 11ஆவது இந்தியப் படைப்பிரிவு அடுத்து நின்று தடுக்க முயன்ற இடம் குருன், ஜெராய் மலைக்கும் கிழக்குக் காட்டுக்கும் நடுவே சாலையும் ரயிலும் நெருங்கிப் போகும் இடுக்கு. 14ஆம் தேதி சண்டை தொடங்கியது. மறுநாள் விடியலில் ஜப்பானியர்கள் சாலை வழியே ஊடுருவி 6ஆவது பிரிகேடின் தலைமையகத்தையே அழித்தார்கள். மிச்சப் படை மூடா ஆற்றுக்குத் தெற்கே பின்வாங்கியது. ஓடும் படை ஆயுதத்தை அப்படியே போட்டுவிட்டுத்தான் ஓடும். ஜித்ரா முதல் ஸ்லிம் ரிவர் வரை சிதறிக் கிடந்த துப்பாக்கிகளில் ஒரு பகுதி காட்டுக்குள் இருந்த ஜப்பானிய எதிர்ப்புப் படையினரின் கைக்குப் போனது. போர் முடிந்து திரும்பிய ஆங்கிலேய அரசை அடுத்த பதினைந்து ஆண்டுகள் வாட்டிய கவலைகளில் இதுவும் ஒன்று: யாரிடம் எத்தனை தோட்டா இருக்கிறது?

தோட்டத் தமிழர்களுக்கோ துப்பாக்கி என்றால் எதிரே நிற்கும் போலீஸ்தான். போர் முடிந்தபின் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது, குடியை விட்டொழிக்கச் சொன்னது, கூலி உயர்வு கேட்டது. அரசு அதை அடக்கியது. 1947இல் கூலிம் பக்கத்து டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார்.

அடுத்த ஆண்டு நிலைமை முற்றியது. 1948 ஜூன் 16ஆம் தேதி பேராக்கின் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் அவசரகாலம் மலாயா முழுமைக்கும் வந்துவிட்டது. அனுமதி இல்லாமல் ஆயுதமோ தோட்டாவோ வைத்திருந்தால் தூக்கு என்றது அவசரகால விதி. அது தமிழர்கள் மீது எப்படி விழுந்தது என்பதற்கு எஸ். ஏ. கணபதியின் கதையைவிட வேறு சாட்சி தேவையில்லை. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் அவர். 1949 மார்ச்சில் ரவாங் அருகே பிடிபட்டபோது அவரிடம் ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாவும் இருந்ததாகக் குற்றச்சாட்டு. இந்தியாவிலிருந்து எழுந்த முறையீடுகள் பலிக்கவில்லை. மே 4ஆம் தேதி புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். ஆறு தோட்டா ஒரு மனிதனின் உயிருக்குச் சமம் என்று ஆன நாட்டில், சுட்ட கூட்டை வீட்டில் வைத்து மருந்து நிரப்பும் பழக்கம் எப்படி வளரும்?

அதே அரசு மறுபக்கம் ஆயிரக்கணக்கானவர்கள் கையில் துப்பாக்கியைக் கொடுத்தது. தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களைச் சேர்த்தார்கள். ஊரில் சுருக்கமாக எஸ்.சி. என்பார்கள். பெரும்பாலும் மலாய் இளைஞர்கள்; 1950களின் தொடக்கத்தில் இவர்கள் தொகை 40,000ஐத் தாண்டியது. காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் பக்கத்திலேயே காவல் கொட்டகை, லயத்தைச் சுற்றி முள்கம்பி, வாசலில் துப்பாக்கியோடு எஸ்.சி. என்று தோட்டத்தின் முகமே மாறியது. பால் வெட்டப் போகும் தமிழ்ப் பெண்கள் அந்தக் கொட்டகையைத் தாண்டித்தான் விடியலில் போனார்கள்.

எஸ்.சி.க்குக் கிடைத்த பயிற்சி சொற்பம். கையில் வந்தது .303 லீ-என்ஃபீல்டு, சிலருக்கு ஸ்டென் துப்பாக்கி. மலாயாக் காட்டில் பெயர் வாங்கிய இன்னொரு துப்பாக்கி, ‘ஜங்கிள் கார்பைன்’ என்று சொல்லப்பட்ட 5ஆம் எண் லீ-என்ஃபீல்டு. புதருக்குள் சிக்காமல் இருக்கக் குழலைக் குறுக்கியிருந்தார்கள்: வழக்கமான துப்பாக்கியின் குழல் 25 அங்குலம், இதற்கு 19 அங்குலம்கூட இல்லை. தோட்டா மட்டும் அதேதான். மருந்தின் வேகம் குழலுக்குள் அடங்குவதற்கு முன்பே வாய்க்கு வந்துவிடும். அதனால் நெருப்பும் அதிகம், வெடிப்பும் அதிகம். வெடிக்கும் வாயும் ஆறு அங்குலம் காதை நெருங்கிவிடுகிறது. தூக்குவதற்கு இலேசான துப்பாக்கி, தூக்கியவனின் காதுக்குக் கொடியதாக இருந்தது.

மனிதக் காதுக்கு இயற்கை ஒரு காவல் வைத்திருக்கிறது. பெருஞ்சத்தம் கேட்டால் நடுக்காதிலுள்ள சிறு தசை இறுகி, உள்ளே போகும் ஒலியைக் குறைக்கும். ஆனால் அது இறுகச் நொடியின் நூறில் சில பங்காவது வேண்டும். துப்பாக்கி வெடிப்பு ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் உச்சத்தைத் தொட்டுவிடும். தசை இறுகும்போது சேதம் முடிந்திருக்கும். சாதாரணப் பேச்சு 60 டெசிபல். பாதுகாப்பில்லாத காதுக்கு எல்லை என்று உலகம் ஒப்புக்கொண்ட உச்ச அளவு 140. ராணுவத் துப்பாக்கியோ 160ஐ எட்டும். இதில் 20 தானே வித்தியாசம் என்று நினைக்கக் கூடாது, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒலியின் ஆற்றல் இருமடங்காகிறது. உட்காதில் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. செத்தவை திரும்ப முளைப்பதில்லை. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் அளவுள்ள மேல்சுருதி. பேசுவது காதில் விழும், என்ன பேசினார்கள் என்பது புரியாது. கூட்டத்தில் பேரன் சொல்வதை மூன்று தடவை கேட்க வேண்டியிருக்கும். இரவில் காதுக்குள் ஓயாத இரைச்சல் கேட்கும். வீட்டார் அதை வயதின் குறை என்று விட்டுவிடுவார்கள்.

சத்தம் காதைக் கெடுக்கும் என்பது அன்றே தெரியாத செய்தியும் அல்ல. இத்தாலிய மருத்துவர் ரமசீனி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செம்பு தட்டும் தொழிலாளர் செவிடாவதை எழுதினார். 1886இல் கிளாஸ்கோவில் தாமஸ் பார், நூறு கொதிகலன் தொழிலாளர்களைச் சோதித்து ஒருவருக்குக்கூடச் சரியான செவி இல்லை என்று கண்டார். முதல் உலகப் போரில் ஆங்கிலேயக் கடற்படைப் பீரங்கி வீரர்களுக்கு மல்லாக்-ஆர்ம்ஸ்ட்ராங் காதடைப்பான் கிடைத்தது. இருந்தும் இங்கிலாந்து நீதிமன்றங்கள் பின்னாளில் ‘இந்த ஆண்டு முதல் முதலாளிகளுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது’ என்று கோடு கிழித்த ஆண்டு 1963. சத்தமும் தொழிலாளியும் பற்றிய அரசுக் கையேடு அந்த ஆண்டுதான் வந்தது. மலாயாவில் அவசரகாலம் முடிந்தது 1960 ஜூலை 31. அந்தக் கோட்டுக்கு முன்பே சுட்டவர்கள் எல்லோரும் கணக்குக்கு வெளியே நின்றுவிட்டார்கள். படைகளில் சிலர் சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டையே காதில் செருகிக்கொண்டார்கள். பஞ்சு வைத்தவர்களும் உண்டு. பஞ்சு பெரும்பாலும் மனத்துக்குத்தான் ஆறுதல், அது குறைப்பது சில டெசிபலே.

அவசரகாலம் போனாலும் அதன் அச்சம் சட்டமாக நிலைத்தது. 1960இல் ஆயுதச் சட்டம், 1971இல் துப்பாக்கித் தண்டனைகளைக் கூட்டிய சட்டம். உரிமத்தை மாநிலப் போலீஸ் தலைவர் தர வேண்டும். எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்பதும் அதோடு கட்டுப்பட்டது. தோட்டா செய்ய உரிமம் வேண்டும், வெடிமருந்துக்கு 1957ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் தனியே இருக்கிறது. காற்றுத் துப்பாக்கியும் சட்டத்தின் பார்வையில் ஆயுதம்தான். கடுமை சரிதானா என்று கேட்டால், மலேசியத் தெருக்களில் துப்பாக்கிச் சாவு அரிதாக இருப்பதைப் பார்த்தாலே பதில் கிடைக்கும். குறை சட்டத்தின் கடுமையில் இல்லை. தோட்டாவுக்குக் காட்டிய அக்கறையில் கால் பங்கைக் காதுக்குக் காட்டாததில்தான் இருக்கிறது.

யானின் நெல் வயல்களுக்கும் இதில் பங்கு உண்டு. மூடா நீர்ப்பாசனத் திட்டம் 1970இல் இரண்டு போகத்தைக் கொண்டுவந்தது. ஆண்டு முழுதும் பயிர் நின்றதால் எலியும் பன்றியும் ஆண்டு முழுதும் வந்தன. உரிமம் பெற்ற விவசாயி ‘செனாப்பாங் பாத்தா’ என்னும் மடக்குத் துப்பாக்கியோடு வரப்பில் காத்திருந்தார். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களிலும் இதே காவல் நடந்தது. எலிக்குத் தோட்டாவும் நஞ்சும் தேவையில்லை என்று காட்டியது கூகை. கம்பத்தில் பெட்டி கட்டி வைத்தால் கூகை குடும்பத்தோடு வந்து தங்கி இரவெல்லாம் எலி பிடிக்கும். இறகடிப்புக்கூடக் கேட்காது. செம்பனைத் தோட்டங்களும் மூடா வயல்களும் இந்த முறையை ஏற்றுக்கொண்டன. பன்றிக்கு மட்டும் இன்னும் துப்பாக்கிதான்.

காதுக்கென்று மலேசியச் சட்டம் வாய் திறந்தது 1989இல். ஆலை இரைச்சலுக்கு 90 டெசிபல் என்று எல்லை வைத்தார்கள். ரப்பர் ஆலையில் உருளை இயந்திரத்தின் முன் நின்றவர்களுக்கு அது உதவியது. வரப்பில் நின்றவருக்கு ஆலை விதி எட்டவில்லை. 2019 ஜூன் மாதம் நடப்புக்கு வந்த புதிய விதி எல்லையை 85க்கு இறக்கியது, நொடியில் வெடிக்கும் சத்தத்துக்கு 140 என்ற உச்ச வரம்பையும் செவிச் சோதனையையும் வைத்துக்கொண்டது. மலேசியாவில் இன்று அறிவிக்கப்படும் தொழில் நோய்களில் காது நோயே பெரும்பங்கு. சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் இழப்பீடும் இதற்கு உண்டு. தோட்டக் காவலில் இருப்பவர்கள் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

விளையாட்டுக்குச் சுடுபவர்கள் இந்தப் பாடத்தை முன்பே கற்றுக்கொண்டார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மலேசியாவின் நூர் சூர்யானி எட்டு மாதக் கர்ப்பிணியாக 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் சுட்டார். அதே களத்தில் ஆண்கள் பிரிவில் வெண்கலம் வென்றவர் சென்னையில் பிறந்த ககன் நாரங். காற்றுத் துப்பாக்கியில் எழுவது மெல்லிய ஓசைதான். கைத்துப்பாக்கியில் அப்படி இல்லை. குழல் குட்டை, பிடிப்பது கையெட்டும் தூரத்தில், ரிவால்வரானால் உருளைக்கும் குழலுக்கும் உள்ள இடைவெளி வழியாகவும் வெடிப்பு பக்கவாட்டில் சிதறும். கூரையும் சுவரும் உள்ள பயிற்சிக்கூடத்தில் சத்தம் மோதித் திரும்பி இரண்டாம் தடவை காதைத் தாக்கும். அதனால்தான் பயிற்சியாளர்கள் நுரை அடைப்பானைச் சுருட்டிக் காதுக்குள் வைத்து, அதன்மேல் கவிகைக் காதுமூடியையும் மாட்டச் சொல்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் கூடுதலாக 5 டெசிபல் அளவுக்குத்தான் குறையும். துப்பாக்கிக்கு அந்த ஐந்தும் வேண்டும். அடைப்பானைக் காதுமடலைப் பின்னிழுத்து ஆழமாகச் செருகாவிட்டால் அதன் பயனில் பாதிகூடக் கிடைக்காது.

அவசரகாலத்தில் சுட்ட இளைஞர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் எண்பதைக் கடந்தவர்கள். கெடாவின் தோட்ட வரலாற்றைச் சேகரிக்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் இவர்களிடம் எத்தனை சண்டை, எந்தத் தோட்டம் என்று கேட்கிறார்கள். எந்தக் காது மந்தம் என்றும் கேட்க வேண்டும். வலத் தோளில் கட்டையை ஊன்றிச் சுட்டவருக்கு இடக்காதுதான் குழலின் வாயைப் பார்த்து நிற்கும், வலக்காது தலையின் மறைவில் ஒதுங்கிவிடும். இடக்காது கூடுதலாகப் போயிருந்தால் அவர் வலத் தோளால் சுட்டவர் என்பது எந்த ஏடும் இல்லாமலே ஊகிக்கலாம். செவிச் சோதனைத் தாளில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் விழும் பள்ளம், அவர் பாதுகாப்பில்லாமல் சுட்ட ஆண்டுகளுக்கு ஒரு தடயமாகலாம்.